நாட்டு மருந்து குடிக்கிறதைக் கிளினிக் டொக்டருக்குச் சொல்லத்தான் வேணுமா?

கேள்வி: செங்கலடியிலிருந்து ஒரு மகள்
2024 பெப்ரவரி 3

அம்மாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் 9 வருசம், பிரசரும் இருக்கு. மாதம் மாதம் கிளினிக்குக்குப் போய் சீனிக்கு மெட்போமினும் பிரசருக்கு லொசாட்டனும் எடுக்கிறா. நாலு மாதமா ஒரு பரியாரியாரிட்ட தூளும் கசாயமும் வாங்கிக் குடிக்கிறா. ஒருக்கா கிளினிக்கில சொன்னதுக்கு டொக்டர், “அப்ப அங்கேயே போங்க, இங்க என்னத்துக்கு வாறீங்க” எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டார். அதிலிருந்து அம்மா வாயே திறக்கிறதில்ல. நானும் பேசாம இருக்கிறதுதான் நல்லது எண்டு நினைக்கிறன். சீனியும் குறைஞ்சுதான் இருக்கு. சொல்லாம விட்டா என்ன குறைஞ்சு போகும்?

பதில்: 2024 பெப்ரவரி 3, இரவு

குறைஞ்சு போகப்போறது சீனிதான் மகள். பயமே அதுதான்.

மெட்போமின் மட்டும் போடுகிறவருக்குச் சீனி திடீரென்று கீழே விழுவது அரிது. கிளிக்ளசைட் என்ற சீனிக் குளிசையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால் கதை வேறு. கசாயத்திலும் சீனியை இறக்கும் சரக்கு இருந்தால் இரண்டும் கூடி, விடியப்புறம் ஆள் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிப் பேச்சுக் குழறுவார். அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து வேறு என்ன குளிசை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சீனி வருத்தத்துக்குக் குடிப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அது வேலை செய்வது அகார்போஸ் என்ற இங்கிலீசுக் குளிசையைப் போலத்தான். சோற்றிலுள்ள மாப்பொருள் குடலில் சீனியாக உடைவதைத் தாமதப்படுத்தும். ஆகவே நாட்டு மருந்தைச் சும்மா தண்ணீர் என்று சிரிப்பவரும் பிழை, பக்கவிளைவே இல்லை என்று சத்தியம் பண்ணுபவரும் பிழை. வேலை செய்கிற மருந்து என்றால் பக்கத்து மருந்தின் வேலையிலும் கை வைக்கும்.

வெந்தயம், பாகற்காய், கொத்தமல்லி போன்ற சாப்பாட்டுச் சாமான்களை எல்லாம் சொல்லி டொக்டரின் நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. மருந்தென்று வாங்கிக் குடிப்பதைச் சொன்னால் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று. நாங்கள் குடிக்கிற மருந்தை மறைப்பதைவிட, குடிக்காத மருந்தை மறைப்பதுதான் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒருவர், களுவாஞ்சிக்குடிப் பக்கம். பிரசருக்கு டொக்டர் எழுதியதில் பாதியைத்தான் போடுவார். கேட்டால், “ஒழுங்காப் போடுறன் சேர்.” பிரசர் இறங்கவில்லை. டொக்டர் என்ன செய்வார்? லொசாட்டன் 50 மில்லிகிராம் ஒருவேளை இருந்ததை இருவேளை ஆக்கினார். பிறகு அம்லோடிபின் சேர்த்தார். சலம் போகிற குளிசை முதலே இருந்தது. நம்ம ஆள் மொத்தத்தில் பாதிதான்.

கடந்த நவம்பரில் காலில் புண் பழுத்துக் காய்ச்சலோடு வாட்டில் படுத்தார். மிஸ்ஸி கிளினிக் கொப்பியைப் பார்த்து எல்லாக் குளிசையையும் நேரத்துக்கு நேரம் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நின்றார். மூன்றாம் நாள் விடியக்காலை ஒன்றுக்குப் போக எழும்பிய ஆள் வாட்டு விறாந்தையில் விழுந்து புருவத்தில் 3 தையல். மேல் பிரசர் 84. பாதி போட்டுப் பழகிய உடம்புக்கு முழுக் குளிசை போனது தெரியாமல், புண்ணின் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்று டொக்டர்மார் ஓடித் திரிந்தார்கள். சேலைன், ஈசிஜி, இரத்தம் எடுத்துப் பரிசோதனை, இன்னும் பலமான ஊசி. எவ்வளவு வேலை! ஒரு பொய்க்கு.

2024 பெப்ரவரி 4

“அந்த ஆள் வாட்டிலாவது உண்மையைச் சொன்னாரா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை.

2024 பெப்ரவரி 7

ஏச்சுக்கு வருகிறேன். நேற்றுவரை ‘ஏசினால் ஏசட்டும், இதெல்லாம் ஒரு காரணமா’ என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் அந்த மேசையை நினைத்துப் பார்த்தேன்.

விடிய 5 மணிக்கு வந்து நம்பர் எடுத்து, கொப்பியை அடுக்கில் வைத்துவிட்டு வாங்கில் காத்திருக்கிறோம். பெயர் கூப்பிட 10 மணியாகும். ஒரு மேசைக்கு இரண்டு டொக்டர், எதிரெதிரே இரண்டு நோயாளி. பின்னால் அடுத்த இரண்டு பேர் எங்கள் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். அதில் ஒருவர் கட்டாயம் எங்கள் ஊர். இந்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை தன் மாதவிடாய்க் கோளாறுக்கு எந்தப் பரியாரியாரிடம் போனேன் என்று சொல்வாளா? ஒரு ஆம்பிளைதான் வாலிபக் குறைக்கு வாங்கின லேகியத்தைச் சொல்வானா? சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று வீட்டிலிருந்து புத்தி சொல்வது லேசு.

டொக்டரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஒரு காலைக்கு நூற்றுக்கு மேல் ஆட்கள். ஒருவருக்கு மூன்று நான்கு நிமிடம். அந்த நேரத்தில் பெயர் தெரியாத ஒரு தூளைப் பற்றிச் சொன்னால் அவரால் செய்யக்கூடியது கொஞ்சந்தான். என்ன செய்வதென்று தெரியாத கோபந்தான் பாதி ஏச்சு. மீதிப் பாதி, நாட்டு மருந்தை நம்பிக் குளிசையை விட்டுப்போட்டுக் கால் அழுகி வந்த ஆட்களைக் கண்ட கோபம். செங்கலடி அம்மாவுக்கு விழுந்தது அவ அறியாத யாரோ ஒருவருக்கான ஏச்சாகவும் இருக்கலாம்.

மொழியும் ஒரு பக்கம் இழுக்கும். தெற்கிலிருந்து வந்த சிங்கள டொக்டர் ஒருவர், நல்ல மனிதர், எங்கள் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். எனக்கு முன்னால் இருந்த ஆச்சி, “நாட்டு மருந்தும் குடிக்கிறன் மனே” என்றா. டொக்டர், “சிங்கள பெஹெத்?” என்று கேட்டார். அவர்கள் நாட்டு மருந்துக்குச் சொல்லும் பெயர் அது. ஆச்சிக்கு வந்ததே கோபம். “சிங்கள மருந்தில்ல, தமிழ் மருந்து!” டொக்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

2024 பெப்ரவரி 8

சின்ன உபாயம். வாயால் சொல்லக் கூச்சமென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள், அன்றைய பக்கத்தில் வையுங்கள். தூளின் பெயர், எத்தனை கரண்டி, எப்போது தொடங்கியது. மூன்று வரி. டொக்டர் பக்கத்தைத் திறக்கும்போது துண்டு தானாகக் கண்ணில் படும்.

2024 பெப்ரவரி 8, பின்னேரம்

“கொப்பியில் ஏறினால் அடுத்த டொக்டரும் பார்ப்பாரே?” ஓம், பார்க்கத்தானே வேணும். கிளினிக்கில் இன்றைக்கு இருக்கிற டொக்டர் ஆறு மாதத்தில் மாறிவிடுவார். கொப்பி எங்களோடேயே கிடக்கும்.

2024 பெப்ரவரி 15

மச்சானைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போய்வந்தேன். குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றி மண்டூரில் இறங்கி அதற்கப்பால். மச்சானுக்கு முழங்கால் நோ. அங்கே தலைமுறையாக வைத்தியம் பார்க்கிற பரியாரியார் ஒருவர் இருக்கிறார். இந்த இழையை மனதில் வைத்துக்கொண்டு கவனித்தேன்.

வாசலிலேயே கேட்டார்: “இங்கிலீசுக் குளிசை என்னவும் போடுறீங்களா?”

மச்சான் கண் வெட்டாமல், “ஒண்டும் இல்ல ஐயா.”

நான் அசந்துபோனேன். காலையில் என் கண்ணுக்கு முன்னால் அம்லோடிபின் போட்ட மனுசன். கிளினிக்கில் நாட்டு மருந்தை மறைக்கிறான், இங்கே வந்து கிளினிக்கை மறைக்கிறான்! பரியாரியார் நாடியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “பிரசருக்குப் போடுறீங்க போல” என்றார். மச்சானுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. நாடியே சொல்லிவிட்டது என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். சட்டைப்பையில் கிளினிக் கொப்பி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் மட்டுந்தான் கண்டேன். நானும் சொல்லவில்லை.

அப்புறம் பரியாரியார் அந்தக் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பெயராக வாசித்தார். பக்கத்தில் படிக்கிற மகனைக் கூப்பிட்டு ஒரு பெயரைச் சரிபார்த்தார். “குளிசைய விடாதீங்க. எண்ணெய் மட்டும் தாறன், உள்ளுக்கு ஒண்டும் தரமாட்டன்” என்றார். கேள்வி கேட்பதில் கிளினிக்கைவிட இவர் பொறுமை. இவருக்கு அன்று எங்களோடு சேர்த்து நாலு பேர்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

இவரைப் போன்றவர்கள் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் எடுத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். திருவிழாக் கடையிலும் பஸ் நிலையத்திலும் பெயரில்லாத பொலித்தீன் பையில் ‘மூட்டுவலிக்கு மூணே நாள்’ என்று விற்கிறவனை இவர்களோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். மூன்று நாளில் வலி ஓடுகிற தூளில் ஸ்டீரொய்ட் அரைத்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பசி கூடும், முகம் பூரணை நிலாப்போல உப்பும், சீனியும் பிரசரும் ஏறும். “உடம்பு வைச்சிருக்கு, தூள் நல்லாப் பிடிச்சிருக்கு” என்று வீட்டில் சந்தோசப்படுவார்கள். மாதக்கணக்கில் குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் அதுவும் உயிராபத்து. உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீரொய்டை மறந்துபோயிருக்கும். அப்படி ஒரு தூள் குடிப்பவர்கள் நீங்களாக நிறுத்தாமல் பையோடு டொக்டரிடம் போங்கள்.

2024 பெப்ரவரி 17

வெல்லாவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் பாம்புக்கடியைப் பற்றிக் கேட்டதால் இது. வயல் வேலையில் கடித்தால் முதலில் விசகடி வைத்தியரிடம் ஓடுகிறார்கள். அங்கே இரண்டு மணித்தியாலம் போனபின் ஆசுப்பத்திரிக்கு வந்து, ஏச்சுக்குப் பயந்து, “இப்பத்தான் சேர் கடிச்ச” என்கிறார்கள். அங்கே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விசம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. இந்தியாவிலிருந்து வருகிற விசமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் பொது. அதைக் கொடுப்பதா, கொடுத்தால் ஒவ்வாமை வருமே, பொறுத்துப் பார்ப்பதா என்ற முடிவில் கடித்த நேரமும் ஒரு பங்கு. இரண்டு மணித்தியாலத்தை விழுங்கினால் டொக்டரின் மணிக்கூடே பிழையாக ஓடும். பச்சிலை கட்டியதை, மூக்கில் ஊற்றியதை, குடிக்கத் தந்ததை எல்லாம் சொல்லுங்கள். உயிர் போகிற நேரத்து ஏச்சு ஒரு ஏச்சா?

2024 பெப்ரவரி 20

செங்கலடி மகள் இன்றைக்கு எழுதியதை வாசித்துக் கை நடுங்கியது. “தூளைத் தவிர வேற ஒண்டும் இல்ல அங்கிள், சீனிக்கு நல்லமெண்டு விடிய வெறுவயித்தில வீட்டு மரத்துக் காமரங்காய்ச் சாறு ஒரு கிளாஸ் குடிப்பா. அது சாப்பாடுதானே, நீங்களும் சாப்பாட்டுச் சாமான் சொல்லத் தேவையில்ல எண்டு எழுதியிருந்தீங்க.”

முதல் நாள் நான் எழுதியது பிழை. அடித்துவிட்டுத் திருத்தவில்லை, பிழையாகவே கிடக்கட்டும்.

காமரங்காயிலும் விளிம்பிக்காயிலும் ஒக்சலேட் என்ற புளிப்பு உப்பு கூடுதல். ஒரு துண்டை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்பது ஒன்று, பத்துக் காயைப் பிழிந்து வெறுவயிற்றில் குடிப்பது வேறொன்று. அந்த ஒக்சலேட் சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் கல்சியத்தோடு சேர்ந்து பளிங்காகப் படியும். நன்றாயிருந்த சிறுநீரகம் சாற்றைக் குடித்துச் சில நாளில் அடைபட்ட கதைகளை இலங்கை டொக்டர்மார்களே மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதியிருக்கிறார்கள். அதில் சீனிக்கு நல்லது என்று குடித்தவர்களும் உண்டு. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்குக் காமரங்காயில் இன்னொரு நஞ்சும் வேலை செய்யும், அது மூளையைப் பிடிக்கும். முதல் அடையாளம் நிற்காத விக்கல். 9 வருசச் சீனி வருத்தக்காரரின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறதென்று பார்க்காமல் சொல்ல ஏலாது.

மகள், சாற்றை நாளைக்கே நிறுத்துங்கள். அடுத்த கிளினிக்வரை பொறுக்காமல், சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினினும் சலமும் சோதித்துப் பாருங்கள். துண்டில் ‘காமரங்காய்ச் சாறு, ஒரு கிளாஸ், தினமும்’ என்று எழுதி வையுங்கள். எத்தனை மாதம் குடித்தா என்பதையும்.

மற்றவர்களுக்கு: தினமும் ஒரே நேரத்துக்கு, ஒரே அளவில், ஒரு வருத்தத்துக்காக உள்ளே போவது எதுவானாலும் அது மருந்துதான். அது குசினியில் இருந்து வந்தாலென்ன, பார்மசியில் இருந்து வந்தாலென்ன.

2024 பெப்ரவரி 21

குசினி என்றதும் நினைவு வந்தது. என் அக்காவுக்குத் தைரொயிட் குளிசை 50இல் தொடங்கி 100 மைக்ரோகிராம்வரை ஏறியது. காரணம் பால் தேத்தண்ணி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணித்தியாலமாவது பொறுக்க வேண்டியதை, காலமை முதல் தேத்தண்ணியோடு போட்டிருக்கிறா. “எப்படிப் போடுறீங்க” என்று எந்த டொக்டரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இது பொய்யே இல்லை. யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2024 மார்ச் 2

ஒன்று எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’ நான்தான். புருவத்துத் தழும்பு என்னுடையது.

2019இல் அந்தச் சலம் போகிற குளிசையை எழுதினார்கள், காலையில் ஒன்று. எனக்கு அப்போது டவுனில் வேலை. விடிய பஸ் ஏறினால் மட்டக்களப்பு போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். குளிசை போட்ட முதல் நாள் ஆரையம்பதி தாண்டுவதற்குள் அடிவயிறு வெடிக்கப் பார்த்தது. பஸ்ஸை நிற்பாட்டச் சொல்ல வெட்கம். காத்தான்குடியில் இறங்கி, அறியாத ஒரு நானாவின் கடைக்குள் போய், “ஒருக்கா பின்னுக்குப் போகலாமா” என்று கேட்டேன். நல்ல மனுசன், வழி காட்டினார். அடுத்த நாளிலிருந்து அந்தக் குளிசை பழைய பிஸ்கட் டின்னுக்குள் போகத் தொடங்கியது.

இதை டொக்டரிடம் சொல்லியிருந்தால், “சரி, வேலைவிட்டு வந்து போடுங்க” என்று நேரத்தை மாற்றியிருப்பார். அல்லது வேறு மருந்து. அரை நிமிடப் பேச்சு. ‘பஸ்ஸில் மூத்திரம் வருகிறது’ என்று ஒரு டொக்டரிடம் சொல்வது மரியாதை இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். முதல் பொய்யைச் சொன்னபின் உண்மையைச் சொல்வதென்றால் பழைய பொய்யையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பொய் வட்டி போடும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஊரே குளிசையைப் பாதியாக முறித்தது, அப்போது என் பழக்கத்துக்கு நல்ல சாட்டும் கிடைத்தது. ஓய்வு பெற்றேன், பஸ்ஸும் போனது. டின் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

நவம்பரில் விழுந்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. குளிசையைக் குறைத்து அனுப்பினார்கள், டிசெம்பரில் கிளினிக்கில் பிரசர் ஏறியதைக் கண்டு பழையபடி முழுவதையும் எழுதினார்கள். நான் பழையபடி பாதி. பெப்ரவரி 3ஆம் திகதி உங்களுக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதிய இரவும் அந்த டின் அலமாரிக்கு மேலேதான் இருந்தது.

இன்று இறக்கி எண்ணினேன். ‘காலை 1’ என்று கோடு போட்ட கடதாசி உறைகள், சிலதில் எறும்பு. கீழே ஒரு அட்டை டைக்ளோபினாக், மூட்டு நோவுக்கு டொக்டரின் துண்டில்லாமல் பார்மசியில் வாங்கியது. லொசாட்டன், சலக் குளிசை, டைக்ளோபினாக் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் அடி. சலக் குளிசையைப் போடாமல் விட்டதால் இரண்டு அடியோடு தப்பினேன் என்று மனுசிக்குச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை.

2024 மார்ச் 3

திட்டினவர்களுக்கும் நன்றி. “இவ்வளவு நாளும் எங்களுக்கே சொல்லாத நீங்களா டொக்டருக்குச் சொல்லச் சொல்றீங்க” என்ற தம்பிக்கு மறுமொழி என்னிடம் இல்லை.

2024 மார்ச் 8

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: வாப்பாவுக்குச் சீனி, இன்சுலினும் கிளிக்ளசைட்டும். அடுத்த கிழமை நோன்பு தொடங்குகிறது. டொக்டர் பிடிக்கக்கூடாது என்பார், அதனால் வாப்பா கேட்காமலே பிடிக்கப்போகிறார்.

கேட்காமல் பிடிப்பதுதான் மிக ஆபத்தான வழி. நோன்போடு மருந்தை எப்படி நேரம் மாற்றுவது, எவ்வளவு குறைப்பது என்று டொக்டர்மாருக்கு வழிகாட்டல்களே இருக்கின்றன. விடியுமுன் சஹர்ச் சாப்பாட்டுக்குப் பழைய அளவில் இன்சுலின் போட்டுவிட்டுப் பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் பின்னேரம் அசர் தொழுகைக்குள் சீனி விழுந்துவிடும். 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ அன்றைய நோன்பை விடச் சொல்கிறார்கள். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. “பிடிக்கலாமா” என்று கேட்டால் “வேணாம்” என்பார்கள். “பிடிக்கத்தான் போறன், மருந்தை எப்படி மாத்துறது” என்று கேட்கச் சொல்லுங்கள்.

என்னை ஒன்றுக்குப் போக விட்ட அந்த நானா இதை வாசித்தால், சலாம்.

2024 மார்ச் 19

இன்று கிளினிக். டின்னைக் கொண்டுபோகும் துணிச்சல் வரவில்லை. துண்டு எழுதி வைத்தேன், என் உபாயம்தானே.

புது டொக்டர், சின்னப்பிள்ளை, என் மகளின் வயது இருக்கும். பக்கத்தைத் திறந்ததும் துண்டு பறந்து மேசைக்குக் கீழே போய்விட்டது. குனிந்து எடுக்க எனக்கு முழங்கால் விடவில்லை, அவ எடுத்தா. வாசித்தா. பிறகு என்னைப் பார்த்து மெல்லிய குரலில், “எது எது போடுறீங்க, எது போடேல்ல, உண்மையாச் சொல்லுங்க அங்கிள்” என்றா. சொன்னேன். பின்னால் நின்றவர் எங்கள் ஊர் இல்லை என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன்.

ஏசவில்லை. திரும்பவும் பிரசர் பார்த்தா, ஒருதரம் இருந்து, ஒருதரம் நின்று. சலக் குளிசையை ஒரு கோடு போட்டு வெட்டினா. லொசாட்டனை இருவேளையிலிருந்து ஒருவேளையாக்கி, “இதை மட்டும் முழுசாப் போட்டுட்டு ரெண்டு கிழமையில வாங்க, அப்பதான் உங்கட பிரசர் எவ்வளவெண்டு எனக்கே தெரியும்” என்றா. ஐந்து வருசமாக என் பிரசர் யாருக்கும் தெரியாது! டைக்ளோபினாக் என்ற சொல்லுக்குத்தான் முகம் மாறியது. அதற்குக் கிரியேட்டினின் சோதிக்க ஒரு துண்டு தந்தா.

“வேற என்னவும்?” என்று கேட்டா. சனிக்கிழமைச் சாராயத்தையும் சொன்னேன். ‘இடைக்கிடை’ என்றேன். “இடைக்கிடையெண்டா கிழமைக்கு எத்தின?” என்று பேனையைத் தூக்கிக்கொண்டு இருந்தா. எண்ணிச் சொன்னேன்.

2024 மார்ச் 20

ஒருவர் கேட்டது: சீனிக் கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் சோற்றைக் குறைத்தால் போதாதா? விடிய வெறுவயிற்றில் பார்க்கிற சீனியை அப்படி ஏமாற்றலாம். எச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை பார்த்தால் மாட்டுவீர்கள். செங்குருதித் துணிக்கை 120 நாள்வரை உயிரோடு இருக்கும், மூன்று மாதம் தின்ற லட்டெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

2024 ஏப்ரல் 6

செங்கலடி மகள் எழுதியிருக்கிறா. அம்மாவின் கிரியேட்டினின் 1.6. சாற்றை நிறுத்தி நாலு கிழமைக்குப் பின் 1.3. கிளினிக்கில் அதே பழைய டொக்டர்தான். துண்டை வாசித்துவிட்டுத் திரும்பவும் ஏசினாராம், “இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்லல்ல” என்று. அம்மா இந்தமுறை விடவில்லை: “போனமுறை சொன்னதுக்குத்தானே சேர் ஏசினீங்க.” அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தூளையும் அடுத்தமுறை பையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஏசிக்கொண்டேதான் எல்லாவற்றையும் எழுதினாராம்.

இப்போது அம்மா மரத்தை அடியோடு வெட்டச் சொல்லி நிற்கிறாவாம், என்ன செய்வதென்று மகள் கேட்கிறா. மரத்தை ஏன் வெட்டுவான்? அம்மாவுக்குக் கொடுக்காமல் இருந்தால் போதும். அணிலுக்குக் கிளினிக் கொப்பி இல்லை.